ராக்குவுக்கு ஒரு வருசம்

சன்னல் ஓரம் எனக்கு வேணாம் தாயி, நீயே உக்காரு. இந்தக் கேடயத்த மட்டும் மடியில வச்சுக்கிறேன். கீழ வச்சா எவனாவது மிதிச்சுருவான். கண்ணாடில்ல. ஒடஞ்சுதுன்னா அதுக்கும் நாந்தேன் பதில் சொல்லணும். ஊருல அம்பது பொம்பளைக இதுக்காகக் காத்துக்கிட்டு இருக்காளுக.

நீ எதுவரைக்கும் போற? மண்டபமா? நான் அதுக்கு முன்னாடி, உச்சிப்புளி தாண்டி தோணிப்பாடு வெலக்குல எறங்கிருவேன். கொஞ்சம் சத்தமாப் பேசு, காது மந்தம் எனக்கு. முப்பது வருசம் கடலுக்குள்ள முங்குனா காது எங்க இருக்கும்? சவ்வு கிழிஞ்சு போச்சுன்னாரு டாக்டரு. சரிதேன் போங்கன்னு வந்துட்டேன்.

பேரா? நம்புத்தாயி. கடல்பாசி எடுக்குற பொம்பளைக சங்கத்துக்குத் தலைவி. பதினோரு வருசமா நாந்தேன். யாராச்சும் வாங்கிக்கங்கடீன்னா ஒருத்தியும் வாங்க மாட்டேங்கிறா. கூட்டத்துக்குப் போகணும், மனு எழுதணும், ஆபீசு ஆபீசா உக்காரணும், வீட்டுக்கு வந்தா எவ சண்டையவாவது தீக்கணும். ஓஞ்சு போச்சு தாயி ஒடம்பு. இன்னைக்கு ராமநாதபுரத்துல மேடையில ஏத்தி, சால்வ போட்டு, இதக் கையில குடுத்தாக. நின்னேன். சிரிக்கச் சொன்னாக, சிரிச்சேன். பசி வேற.

தனியாவா வந்தேன்னு கேக்குறியா? ஆமா, தனியாத்தேன். வழக்கமா எங்கூட வாரவ என் தங்கச்சி ராக்கு. அவ எங்கூடப் பேசி நாலு மாசம் ஆச்சு. எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. அவதேன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியுறா. அவளா வந்து பேசட்டும். நான் பெரியவ, நான் எப்பிடி எறங்கிப் போக முடியும்?

பாசின்னா தெரியுமா ஒனக்கு? ஐஸ்கிரீமுல போடுறாக, பல்லு வெளக்குற பேஸ்ட்டுல போடுறாக, இன்னும் எதெதுலயோ போடுறாகளாம். நீ காலையில தின்னுருப்ப, ஒனக்கே தெரியாது. அது பாருல மொளைக்கும். பாருன்னா தண்ணிக்கடியில கெடக்குற கல்லுத்திட்டு. மீனு முட்ட விடுறதும் அங்கதேன், குஞ்சு வளருறதும் அங்கதேன். நாங்க ஆம்பளச் சட்டையப் போட்டுக்கிட்டு, விரலுக்கெல்லாம் துணியச் சுத்திக்கிட்டு, கண்ணாடி மாட்டிக்கிட்டு, மூச்சப் பிடிச்சு முங்கி, பறிச்சு, இடுப்புப் பையில போட்டுக்கிட்டு மேல வருவோம். அவ்வளவுதேன் எங்க தொழிலு.

மொதல்ல வருசம் பூராம் பறிச்சோம். இரும்புச் சுரண்டி வச்சு வேரோட வழிச்சோம். பாரு மொட்டையாப் போச்சு. பாரு மொட்டையானா பாசியும் இல்ல, மீனும் இல்ல. ஆம்பளைக எங்களச் சொன்னாய்ங்க, நாங்க அவய்ங்க வலையச் சொன்னோம், காட்டிலாகாக்காரக எல்லாரையும் சொல்லி வெரட்டுனாக. அப்பத்தேன் நான் எந்திரிச்சேன். நான்னா, நானும் ராக்குவும். ஆனா பேசுனது நாந்தேன். அவளுக்குக் கூட்டத்துல பேச வராது. பின்னாடி நின்னு, யாரு யாரு வந்துருக்கா, யாரு வரலன்னு பாப்பா. வராதவ வீட்டுக்குப் போய்க் கூட்டிக்கிட்டு வருவா.

என்ன பேசுனேன்னா, மாசத்துக்குப் பன்னெண்டு நாளுதேன் எறங்கணும். சுரண்டி கூடாது, கத்தி கூடாது, வெறுங்கை. நுனியப் பறி, வேர விட்டுரு. சித்திர மாசத்துல ஆரம்பிச்சு நாப்பத்தஞ்சு நாளு மீனு சினையா இருக்கும், அப்ப பாசிக்குன்னு ஒருத்தி கூட கடல்ல கால நனைக்கக் கூடாது. அப்புறம் கடைசியா, போன வருசத்துக்கு முந்துன வருசம் சேத்தது ஒண்ணு. ஒத்தப்பாருன்னு ஒரு பாரு இருக்கு, கரைக்குப் பக்கம். ரொம்ப மொட்டையாக் கெடந்தது அதுதேன். அத ரெண்டு வருசத்துக்கு யாருமே தொடக் கூடாது. ஆம்பளைகளுக்கும் ஒண்ணு சொன்னோம். ஒத்தப்பாரு பக்கம் தங்கூசி வலை போடக் கூடாது. தங்கூசின்னா நைலான்ல மெல்லிசா இருக்கும் தாயி, தண்ணிக்குள்ள கண்ணுக்கே தெரியாது. பாருல சிக்குச்சுன்னா அங்கனயே கெடந்து நண்டு, மீனு, குஞ்சு, எல்லாத்தையும் வருசக் கணக்காக் கொல்லும். மீறிப் போட்டா அவன் படக ஒரு வருசத்துக்குக் கரையில ஏத்தி வச்சிரணும், தொழிலுக்குப் போகக் கூடாது. இதெல்லாம் எங்க ஊரு ஏலக்கூடத்துல, சனம் பூராத்தையும் வச்சு, சாமி சத்தியமாப் பேசி முடிச்சது.

ஆம்பளைக லேசுல ஒத்துக்கிட்டாய்ங்கன்னா நெனைக்கிற? நானும் ராக்குவும் தெர்மாக்கோல் மிதப்புல ஏறி, மூணு நாளு அந்தப் பாரு மேலயே கெடந்தோம். வெயிலு மண்டையப் பொளக்குது. ஒருத்தன் வேணும்னே எங்க மேல படக ஏத்த வாரான். நான் கத்துறேன். ராக்கு கத்தல, அவன் நங்கூரக் கயித்த எட்டிப் பிடிச்சுக்கிட்டா. இழுத்துக்கிட்டே போறான், விட மாட்டேங்கிறா. உள்ளங்கை ரெண்டும் உரிஞ்சு போச்சு. அவன்தேன் கடைசியில மிசின நிப்பாட்டுனான். அவ அப்பிடித்தேன். ரோசக்காரி.

அவ எனக்கு ஜோடி. கடல்ல ஒவ்வொருத்திக்கும் ஒரு ஜோடி இருக்கும் தாயி. ஒருத்தி முங்குனா இன்னொருத்தி மேல நின்னு எண்ணணும். அறுபது எண்ணுறதுக்குள்ள தலை தெரியலன்னா இவ முங்கித் தேடணும். இருபத்தாறு வருசமா நான் முங்குனா அவ எண்ணுவா, அவ முங்குனா நான் எண்ணுவேன். கல்யாணம் காச்சிக்குக்கூட ரெண்டு பேரும் சேந்தாப்ல லீவு போடுவோம், வேற ஒருத்தி எண்ணுறத நம்ப மாட்டோம்.

என் மகன் சேதுகூட அவ இடுப்புலதேன் வளந்தான். நான் கூட்டம் கூட்டம்னு அலையயில அவதேன் சோறு ஊட்டுனா, பள்ளிக்கூடத்துக்கு விட்டா. அதுல செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சுருக்கா. அதையும் நான் அவகிட்ட கேட்டதில்ல.

இந்த வருசம் சினைக்காலத்துல, முப்பது நாளு போயிருக்கும், நடந்துச்சு. காலையில நான் அரிசி களஞ்சுக்கிட்டு இருக்கேன். செல்வமேரி ஓடி வாரா. சங்கத்துல காவக்காரி மாதிரி அவ, கண்ணு அப்பிடி. "யக்கா, ஓந்தங்கச்சி ஒத்தப்பாருல எறங்கிட்டு வாரா"ங்கிறா. போடி, பைத்தியக்காரின்னேன். கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போறா. போய்ப் பாத்தா, ஆமா. ராக்கு தெர்மாக்கோல இழுத்துக்கிட்டுக் கரையேறுறா. சட்டையெல்லாம் சொட்டச் சொட்ட. விரலு பத்துலயும் துணி சுத்தியிருக்கு. இடுப்புல பை.

பையத் தொறடீன்னு செல்வமேரி சொன்னா. தொறந்தா. பாசி இல்ல. ஒரு கத்தி இருந்துச்சு.

கத்தி! வெறுங்கையில பறிக்கணும்னு நாங்க வச்ச சட்டம், பையில கத்தி. விரலுக்குத் துணி சுத்துறது எதுக்கு? பாசி பறிக்க. கத்தி எதுக்கு? வேரோட அறுக்க. பாசி எங்கன்னா, அறுத்து எங்கிட்டோ ஒளிச்சு வச்சுட்டு வாரான்னு அர்த்தம். எங்க ஊருல எந்தப் பொம்பளையக் கேட்டாலும் இதத்தேன் சொல்லுவா. நீ கடல் பக்கமே போகாத புள்ள, ஒனக்கு வேற மாதிரித் தோணும்.

அன்னைக்குச் சாயந்தரமே ஏலக்கூடத்துல கூட்டம். நாந்தேன் போடச் சொன்னேன். தங்கச்சிங்கிறதுக்காகத் தள்ளிப் போட்டான்னு ஒருத்தி சொல்லிறக் கூடாதுல்ல? ராக்கு நடுவுல நிக்கிறா. நான் கேட்டேன், "எறங்குனியா?"

"எறங்குனேன்."

"எத்தன நாளா?"

"மூணு நாளா."

"எதுக்கு எறங்குன?"

என்னயப் பாக்குறா. நான் திரும்பவும் கேக்குறேன், எதுக்குடி எறங்குனன்னு. வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லித் தொலைக்க வேண்டியதுதான? அம்பது பொம்பளைக கேக்குறாளுக, ஆம்பளைக வேற சுத்தி நின்னு வேடிக்க பாக்குறாய்ங்க, எங்க சட்டம் எப்படா ஒடையும்னு காத்துக்கிட்டு இருக்காய்ங்க. "அக்கா, நீயே சொல்லு என்ன தண்டனன்னு"ங்கிறா. அவ்வளவுதேன் அவ பேசுனது.

மத்தவளுக ஆறு மாசம் போதும்னாளுக. செல்வமேரியே சொன்னா, ஆறு மாசம் போதும்க்கா, பாவம், புருசனும் இல்லன்னு. நாந்தேன் ஒரு வருசம்னேன். ஒரு வருசத்துக்கு ராக்கு பாசிப் படகுல கால் வைக்கக் கூடாது, எவளும் அவளுக்கு ஜோடி நிக்கக் கூடாது. மத்தவளா இருந்தா ஆறு மாசம் குடுத்துருப்பேன். இவ எங்கூடப் பொறந்தவ. அதனாலதேன் ஒரு வருசம்.

அவ கையப் பாத்தேன் அப்ப. துணிய அவுத்துட்டு நின்னா. விரலுக்குக் குறுக்க நேரு நேராக் கோடு. கத்தியில கீறுன மாதிரியும் இல்ல, கல்லுல ஒரசுன மாதிரியும் இல்ல. பாசி பறிச்சா நுனிவிரலுதேன் தேயும், இப்பிடி நடு விரலுல அறுக்காது. எனக்கு என்னமோ மாதிரித்தேன் இருந்துச்சு. கவனிக்காம இல்ல தாயி, கவனிச்சேன். ஆனா கூட்டத்துல அத்தன பேரு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியாச்சு. அதுக்கப்புறம் கையத் திருப்பிப் பாத்துக்கிட்டா நிக்க முடியும்?

மறுநாளுலருந்து அவ நண்டுக் கம்பெனிக்குப் போயிட்டா. நண்டு ஒடைக்குற வேல. அந்த ஐஸுலயே கெடந்து கை விரலெல்லாம் வீங்கிப் போச்சாம். எங்கிட்ட சொல்லல, மத்தவளுக சொன்னாளுக. நான் தெருவுல வந்தா அவ வீட்டுக்குள்ள போயிருவா.

சினைக்காலம் முடிஞ்சு தொழிலு தொறந்துச்சு. நான் படகுல போறேன். ஜோடி? எவ வந்தாலும் எண்ணத் தெரியல தாயி. ஒருத்தி நாப்பதுலயே கத்துறா, ஒருத்தி கத கேட்டுக்கிட்டு எண்ணவே மறந்துர்றா. நான் முங்குறதையே பாதியாக் கொறச்சுட்டேன். பயம்னு இல்ல. வயசாகுதுல்ல.

ஆனி கடைசியில ஆபீசருமார் வந்தாக. நாலு பேரு, அதுல ஒரு மேடம். விருதுக்கு ஊருகளப் பாத்துக்கிட்டு வாராகளாம். ஒத்தப்பாரக் காட்டுங்கன்னாக. படகுல கூட்டிக்கிட்டுப் போனேன். தண்ணிக்குள்ள எறக்குற கேமரா ஒண்ணு வச்சுருந்தாக, விட்டுப் பாத்தாக. அந்த மேடம் வாயத் தொறந்தது மூடல. பாசி மொழங்கால் ஒசரத்துக்கு நிக்கிதாம், குஞ்சு மீனு கூட்டம் கூட்டமாத் திரியுதாம். "பாருல ஒரு வலைத்துண்டு கூட இல்லையே, மத்த எடத்துல எல்லாம் குப்பையாக் கெடக்கு, நீங்க எப்பிடி இவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க"ன்னாக. எங்க ஊருல கட்டுப்பாடு அப்பிடி மேடம்னேன். பெருமையாத்தேன் இருந்துச்சு. நானும் பாக்குறேன்னு கண்ணாடிய மாட்டிக்கிட்டு முங்குனேன்.

நெசமாவே நல்லா இருந்துச்சு தாயி. ரெண்டு வருசமாத் தொடாத பாரு. சந்தோசத்துல சுத்திக்கிட்டுப் போறேன். தெக்குப் பக்கம் ஒரு கல்லுப் பொடவு. அதுக்குள்ள என்னமோ ஆடுது. கையவிட்டு இழுத்தேன். ரெண்டு கையையும் விரிச்ச நீளத்துக்குத் தங்கூசி வலை. மிச்சத்தையெல்லாம் யாரோ அறுத்து எடுத்துருக்காக, இது மட்டும் பொடவுக்குள்ள நல்லா சிக்கிக்கிட்டு வரல போல. அறுத்த எடமெல்லாம் கத்தியில சுத்தமா அறுத்துருந்துச்சு. அந்தத் துண்டுல ரெண்டு மிதவ. பழைய செருப்ப வட்டமா வெட்டிக் கட்டுவோமே, அந்த மிதவ. நீலச் செருப்பு.

அது என் செருப்பு. போன வருசம் வாரு அந்து போச்சுன்னு, நாந்தேன் வெட்டி, நாந்தேன் சேது வலைக்குக் கட்டிக் குடுத்தேன். எம்முடிச்சு எனக்குத் தெரியாதா? நான் ரெட்டையாச் சுத்தி உள்ள விட்டு இழுப்பேன், எங்க ஊருல வேற எவளும் அப்பிடிக் கட்ட மாட்டா.

தண்ணிக்குள்ள என்னால மூச்சு பிடிக்க முடியல. அழுகணும்னா மேல வரணும், மேல வந்தா ஆபீசருமார் இருக்காக. வலைத்துண்ட சட்டைக்குள்ள சுருட்டி வச்சுக்கிட்டு மேல வந்தேன். "என்ன பாட்டிம்மா, எப்பிடி இருக்கு?"ன்னாரு ஒருத்தரு. நல்லா இருக்கு சார்ன்னேன்.

வீட்டுக்கு வந்து சேதுவ உக்கார வச்சுக் கேட்டேன். இருபத்தெட்டு வயசு, கல்யாணம் ஆனவன், சின்னப்புள்ள மாதிரி அழுகுறான். சினைக்காலத்துல மீனு அங்க கூட்டமா நிக்கும்னு ஆசப்பட்டு, விடியக்காலம் வலை போட்டானாம். சிக்கிக்கிச்சாம். இழுத்தா வரல. கயித்த அறுத்துட்டு வந்துட்டான். எங்கிட்ட சொல்லப் பயம். சின்னம்மாட்ட போய் அழுதுருக்கான். அவ சொன்னாளாம், "ஒங்காத்தாளுக்குத் தெரிஞ்சா செத்துருவா. அவ போட்ட சட்டம். நான் எடுத்துர்றேன், நீ வாயத் தொறக்காத"ன்னு. மூணு நாளு முங்கி முங்கி அறுத்து எடுத்து, தாழைக்குப் பின்னாடி மண்ணத் தோண்டிப் பொதச்சுருக்கா. ஜோடி இல்லாம. மேல நின்னு எண்ண ஒரு நாதி இல்லாம, அந்தக் கொலகார வலைக்குள்ள தனியா முங்கியிருக்கா, கிறுக்கச்சி. கையோ காலோ மாட்டியிருந்தா? யாருக்குத் தெரியும்?

அந்தக் கோடெல்லாம் தங்கூசி அறுத்த கோடு.

ஏலக்கூடத்துல கூட்டம் நடக்கயில சேது அங்கதேன் இருந்தான். கம்பத்துல சாஞ்சு நின்னான். நான் ஒரு வருசம்னு சொல்லயில அவன் மூஞ்சியப் பாத்தேன், தலையக் குனிஞ்சுக்கிட்டான். சின்னம்மா மேல பாசம், அதேன்னு நெனச்சேன். ஏண்டா அப்பவே சொல்லலன்னு கேட்டா, சின்னம்மா சொல்ல வேணாம்னு சத்தியம் வாங்கிருச்சுங்கிறான். பயந்த புள்ள தாயி அவன். சின்னதுலருந்தே அப்பிடித்தேன்.

அந்த வலைத்துண்ட என்ன செஞ்சேன்னா? அடுப்புல வச்சேன். நைலான் நாத்தம் ரெண்டு நாளைக்கு வீட்ட விட்டுப் போகல. பிளாஸ்டிக்க எரிக்காதீகன்னு தெருத்தெருவாச் சொல்லுறவ நாந்தேன். செல்வமேரி வாசல்ல வந்து நின்னு, "என்னக்கா நாத்தம்?"ன்னா. கேன் மூடி அடுப்புல விழுந்துருச்சுன்னேன்.

நீ கேப்பன்னு தெரியும். கூட்டத்தப் போட்டு சொல்லியிருக்கலாமேன்னு. எப்பிடிச் சொல்றது? சொன்னா சேது படக ஒரு வருசம் கரையேத்தணும். மருமக ஏழு மாசம். சரி, அது கெடக்கட்டும், கஞ்சி குடிச்சாவது பொழச்சுக்கிறலாம். சட்டம் என்னாகும்? தலைவி மகனே வலை போட்டான், தலைவி தங்கச்சி அத மறச்சான்னு ஆயிருச்சுன்னா, மறுநாளு நூறு தங்கூசி அந்தப் பாருல கெடக்கும். பதினோரு வருச ஒழைப்பு. பாருக்காகத்தேன் தாயி நான் சொல்லல. பாருக்காகத்தேன்.

ஏன் அப்பிடிப் பாக்குற?

நெசமாச் சொல்றேன், இன்னைக்கு மேடையில சொல்லிருவோம்னுதேன் காலையில கெளம்புனேன். பஸ்ஸுல வரயில மனப்பாடம் பண்ணிக்கிட்டே வந்தேன். இந்த விருது எனக்கு இல்ல, அந்தப் பார சுத்தம் பண்ணுனது என் தங்கச்சி ராக்குன்னு. ஏறி நின்னேன். எனக்கு முன்னாடி அந்த மேடம் மைக்கப் பிடிச்சாக. பாசியப் பத்திச் சொன்னாக, மீனப் பத்திச் சொன்னாக. அப்புறம் சொல்றாக, "இந்த அம்மா சட்டத்த மீறுனாங்கன்னு சொந்தத் தங்கச்சிக்கே ஒரு வருசம் தண்டனை குடுத்தவங்க, அப்பேர்ப்பட்ட நேர்மை"ன்னு. யாரு அவுகளுக்குச் சொன்னாளோ, செல்வமேரியாத்தேன் இருக்கும். சொல்லி முடிக்கல, கைதட்டு. கூட்டமே எந்திரிச்சு நின்னு கைதட்டுது. பாசிக்குத் தட்டல தாயி, மீனுக்குத் தட்டல. அதுக்குத்தேன் தட்டுனாக.

எங்கிட்ட மைக்கக் குடுத்தாக. எல்லாருக்கும் வணக்கம், நன்றின்னேன். எறங்கிட்டேன்.

அதுலருந்து சோறு தண்ணி எறங்கல. பொட்டலம் குடுத்தாக, பையிலதேன் கெடக்கு. நீ சாப்புடுறியா? எலுமிச்சஞ்சோறு. வேணாமா? சரி.

என்னயக் குத்தம் சொல்ற மாதிரி இருக்கு ஓம்மூஞ்சி. சொல்லு, பரவால்ல. ஆனா நான் ஒண்ணு கேக்குறேன், நீ படிச்ச புள்ள, சொல்லு. அவ எங்கிட்ட ஒரு வார்த்தை வந்து சொல்லியிருந்தா நான் என்ன, வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? ரெண்டு பேருமாப் போயி எடுத்துருப்போம். மேல நின்னு நான் எண்ணியிருப்பேன். அவதேன் மறச்சா. எனக்குக் கூடப் பொறந்தவ, இருபத்தாறு வருசம் எம்மூச்ச எண்ணுனவ, எங்கிட்டயே மறச்சா. ஊரு முன்னாடி நிக்க வச்சு, என்னய அநியாயக்காரி ஆக்கிட்டா. நான் பாட்டுக்கு நாயமாத்தேன் நடந்தேன். நடந்தது நாயம் இல்லன்னு எனக்குத் தெரியாமப் பண்ணது யாரு? அவதான?

எங்கிட்ட சொல்லப் பயந்திருப்பாளா? எங்கிட்ட என்ன பயம்? நான் என்ன புலியா? ஆளாளுக்கு எங்கிட்டப் பயம் பயம்ங்கிறீக. மகன் பயம்ங்கிறான், தங்கச்சி பயந்திருப்பாங்கிற நீ. நான் யாரையும் அடிச்சது இல்ல, வைஞ்சது இல்ல. நாலு பேருக்கு நல்லது நடக்கணும்னு சத்தமாப் பேசுவேன். அது ஒரு தப்பா?

உச்சிப்புளி தாண்டியாச்சா? அடியாத்தி, பேசிக்கிட்டே வந்துட்டேன். கண்டக்டரு தம்பி, தோணிப்பாடு வெலக்குல நிப்பாட்டுப்பா! காதுல விழுந்துச்சான்னு தெரியல, நீ ஒரு சத்தம் குடு தாயி.

எந்திரிக்கணும்னாலே முட்டி பிடிச்சுக்கிருது. இரு, எட்டிப் பாரு அங்கிட்டு. நிக்கிறாளுகளா? எத்தன பேரு? மால வேறயா? நாளைக்குப் பாசி நாளு, விடியுமுன்ன எந்திரிக்கணும், பேசாம வீட்டுல கெடக்க வேண்டியதுதான இவளுகளுக்கு. மால போடுவாளுக, போட்டோ எடுப்பாளுக, தெருவுல கூட்டிக்கிட்டுப் போவாளுக. தலைய வலிக்குது எனக்கு.

பின்னாடி ஒருத்தி தனியா நிக்கிறாளா? எங்க? பச்சச் சேலையா? நகரு, நான் பாக்குறேன்.

ராக்கு, தாயி. ராக்குதேன் அது. நண்டுக் கம்பெனி சேலையோட அப்பிடியே வந்துருக்கா. எப்பிடி எளச்சுப் போயிட்டா பாரு, கழுத்தெலும்பு தெரியுது. ஒவ்வொரு சன்னலாப் பாக்குறா. என்னயத்தேன் தேடுறா. வந்தவ எத்தன பேரு, எறங்குனவ எத்தன பேருன்னு எண்ணுற பழக்கம் அவளுக்கு, எங்க போனாலும் எண்ணுவா. நான் வந்து சேந்துட்டனான்னு பாக்க வந்துருக்கா.

நான் சொன்னேன்ல, அவளா வருவான்னு? வந்துட்டா. நாலு மாசம் கழிச்சு வந்துட்டா.

நெசத்தச் சொல்லிருவியாங்கிறியா? இல்ல, தாயி. சொல்ல மாட்டேன். கையில இதையும் வச்சுக்கிட்டு, கழுத்துல மாலையும் வச்சுக்கிட்டு, அத்தன பேரு முன்னாடி எனக்குச் சொல்ல வராது. எனக்கே தெரியும். எறங்குன ஒடனே நேரா அவகிட்டப் போவேன். எல்லாருக்கும் கேக்குற மாதிரி, "ராக்கு, போனது போகட்டும், நான் ஒன்ன மன்னிச்சுட்டேன், நாளைக்குப் படகுக்கு வா"ன்னு சொல்லிருவேன். அவ வருவா. தலையக் குனிஞ்சுக்கிட்டு, சரிக்கான்னு வருவா. எம்முன்னாடி அவ என்னைக்கு மாட்டேன்னு சொல்லியிருக்கா?

வேற என்னத்த தாயி நான் அவகிட்ட சொல்ல முடியும்? சொல்லு. வேற என்னத்தச் சொல்ல முடியும் என்னால?